அயலாருக்கும் அபயம்

வெளிநாட்டில் ஆபத்து நேருங்கால், மொழியறியாத நம்மைக் காப்பவர் யார்? 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் நிலநடுக்கத்தால் குலுங்கியபோது, பாரத அரசின் மீட்புப் பணி ‘மைத்ரி’ எனப் பெயர் பெற்றது. நம்மவரோடு பிறநாட்டாரும் மீட்கப்பட்டனர். மைத்ரி, நம் அறம் கூறும் நான்கு பாவனைகளுள் முதலாவது. நாடும் மொழியும் பாராது எவ்வுயிரிடத்தும் நட்புக் கொள்வதே அதன் பொருள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் ஒடியா பேசும் தொழிலாளி ஒருவர் அடிபட்டு விழுந்தால், அவருக்கு நம் ஊரே வெளிநாடு. வழக்குக்கு அஞ்சி நாம் விலகுகிறோமா? விபத்தில் உதவுவோரை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காக்கிறது. 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை அருகிருப்பதும் அபயதானமே. அயல்நாட்டில் நாம் எதிர்பார்க்கும் உதவியை நம் தெருவில் மறுப்பது எங்ஙனம் அறமாகும்?