திரும்பிப் போகலாம், தம்பி!

ஒரு சின்னக் கணக்கு. மனசுக்குள் விடை சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

எங்கோ ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள். வழிகாட்ட உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்துகிறீர்கள். அரை நாளுக்கு 1,200 ரூபாய் என்று பேச்சு. பாதி வழியில் அவர் நின்றுவிடுகிறார். 'இதுக்கு மேல வேணாம், திரும்பிடலாம்' என்கிறார். நீங்கள் பார்க்க வந்ததைப் பார்க்கவில்லை. இப்போது அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? 1,200-ஆ? 600-ஆ? டீ செலவுக்கு ஒரு நூறா?

நாங்கள் ஆறு பேர் இந்தக் கணக்கைச் சுருளிப்பட்டியில் போட்டோம். தப்பாகப் போட்டோம்.

சுருளிப்பட்டி, கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர். பார்க்கிற பக்கமெல்லாம் பந்தல் பந்தலாகத் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, கம்பம் பன்னீர் திராட்சை... அது இந்தப் பள்ளத்தாக்கின் சொத்து. தோட்டம் முடிகிற இடத்தில் மலை எழும்புகிறது, காடு ஆரம்பிக்கிறது. அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், சபரிமலைக்குப் போகிற சாமிகள் என்று வருஷம் முழுக்க வண்டிகள் வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வழிகாட்டிக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். ராத்திரியில் திராட்சைத் தோட்டத்துக்குக் காவல். லீவு நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. அருவி, மலையில் இருக்கிற குகைக் கோயில், தோட்டம் மூன்றும் சேர்த்துத்தான் அந்த 1,200.

போய்ப் பார்த்தால், அருவிப் பக்கம் யானைகள் வந்திருக்கின்றன, யாரும் உள்ளே போகக் கூடாது என்று கேட்டை மூடியிருந்தார்கள். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்! ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். நான் ஒரு படி மேலே போனேன். அவரைத் தனியாக அழைத்துப் போய், ஒரு 500 ரூபாய்த் தாளை நீட்டினேன்.

''அண்ணே, உங்களுக்குத் தெரியாத காடா? வேற வழி இருக்கும்ல?''

அவர் தாளைப் பார்க்கவில்லை. ''வழி இருக்கு தம்பி. ஆனா, அது அதுக வர்ற வழி.''

''தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடலாமே?''

''எது தூரம்னு நீங்க ஒண்ணு நெனப்பீங்க. அது ஒண்ணு நெனைக்கும். ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க மேல கேசு. யானைக்கு ஊசி. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. திரும்பிப் போகலாம் தம்பி.''

'யானைக்கு ஊசி' என்று அவர் சொன்னது சும்மா இல்லை. அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் நடந்து, மே 27-ம் தேதி கம்பம் நகரத்துக்குள்ளேயே வந்து நின்றது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அந்தக் கலவரத்தில் பைக்கிலிருந்து விழுந்து அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். யானை அங்கிருந்து சுருளிப்பட்டிப் பக்கம் நகர்ந்தது. ஜூன் 5-ம் தேதி மறுபடி ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப் போனார்கள். யானைக்கும் மனுஷனுக்கும் நடுவில் பத்தடி குறைந்தால் என்ன ஆகும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குக் கதை இல்லை, அனுபவம்.

அருவிக்குப் பதில் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்க வைத்தார். எந்தக் குலை பழுத்தது, எது இன்னும் பத்து நாள் நிற்க வேண்டும் என்று தொட்டுக் காட்டினார். மதியம் கம்பத்துக்குக் கிளம்பும்போது கணக்குப் பேச்சு வந்தது.

எங்களில் ஒருவர் ஆடிட்டர். ''அருவியக் காட்டல. கோயிலக் காட்டல. மூணுல ஒண்ணுதான் நடந்திருக்கு. பாதி கொடுக்கறதே ஜாஸ்தி'' என்றார். நானும் பி.காம்-தான். ஒப்பந்தச் சட்டம் படித்தவன்தான். பேசிய வேலை நடக்கவில்லை என்றால் பேசிய கூலி இல்லை. தலையாட்டினேன். 600 ரூபாய் கொடுத்தோம். பெரியவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். ''அடுத்த தடவ வாங்க, தண்ணி நல்லா விழுகும்'' என்றார்.

வேன் கம்பத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. என் 500 ரூபாய்த் தாள் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் எங்களை யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் 1,200-ம் 500-ம் சேர்த்து 1,700 கிடைத்திருக்கும். நிறுத்தாமல் பத்திரமாகத் திருப்பி அனுப்பியதற்கு 600. ஆபத்துக்கு ஒரு விலை, காப்பாற்றியதற்கு ஒரு விலை என்று போட்டிருக்கிறோம். காப்பாற்றிய விலை ஆயிரத்து நூறு குறைவு!

இது ஏதோ சுருளிப்பட்டிக் கணக்கு என்று நினைக்காதீர்கள். இலங்கையில் யால தேசியப் பூங்கா. சிறுத்தை பார்க்க உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். ஓரிடத்தில் சிறுத்தை தெரிந்தால் போதும், டிரைவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி, ஜீப்புகள் புழுதி பறக்க வந்து ஒன்றின் மேல் ஒன்றாக முட்டி நிற்கும். சிறுத்தைக்கு நகர வழி இருக்காது. டிரைவர்களைத் திட்டுவது சுலபம். 'மிருகத்துக்குத் தொந்தரவு, நாம தள்ளியே நிப்போம்' என்று சொல்கிற டிரைவருக்கு நாம் என்ன டிப்ஸ் கொடுப்போம் என்று யோசியுங்கள்.

இன்னும் உயரத்துக்குப் போவோம். எவரெஸ்ட். ராப் ஹால் என்று நியூஸிலாந்துக்காரர் ஒருவர். பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைச் சிகரத்துக்கு அழைத்துப் போவதில் கெட்டிக்காரர். ஒரு ஆளுக்குக் கட்டணம் 65,000 டாலர். மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொட முடியாவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு. 1995-ல் டக் ஹேன்ஸன் என்ற தபால் ஊழியரைச் சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, 'திரும்பு' என்றார் ஹால். ஹேன்ஸன் திரும்பினார், பிழைத்தார்.

மறு வருஷம் அதே ஹேன்ஸன் மறுபடி வந்தார். 1996 மே 10. ஹேன்ஸன் உச்சிக்குப் போய்ச் சேரும்போது மணி 4-ஐத் தாண்டிவிட்டது. அவருக்காகக் காத்திருந்த ஹால், இந்தத் தடவை 'திரும்பு' என்று சொல்லவில்லை. புயல் அடித்தது. இரண்டு பேரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் செத்தவர்கள் மொத்தம் 8 பேர். ஹாலின் குழுவில் மூன்று பேர், நேரம் போதாது என்று காலையிலேயே பாதியில் திரும்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஹாலின் மனசுக்குள் என்ன ஓடியது என்று யார் சொல்ல முடியும்? ஆனால், ஒன்று மட்டும் நமக்கே புரியும். ஒரே ஆளுக்கு, அதுவும் காசு கட்டி இரண்டாவது முறை வந்த ஆளுக்கு, 'முடியாது' என்று இரண்டாவது முறை சொல்வது ரொம்பக் கஷ்டம்.

நம் தேனி மாவட்டத்துக்கே திரும்பி வருகிறேன். போடிக்கு மேலே குரங்கணி. 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். முக்கால்வாசி இளம் வயசு. அதற்குப் பிறகு அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, தீப்பிடிக்கிற காலத்தில், ஏறவே கூடாது. 2024-ல் அரசே 40 மலைப் பாதைகளைத் திறந்து, மலைவாழ் மக்களையும் காட்டோர கிராமத்துக்காரர்களையும் வழிகாட்டிகளாகப் போட்டது. நல்ல காரியம்.

ஆனால், சட்டம் மாசக் கணக்கில்தான் தடை போட முடியும். சுருளியில் கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். அதே நேரம் மேலே மேகமலையில் மழை கொட்டும். கொஞ்ச நேரத்தில் அருவி செம்மண் நிறத்தில் திரண்டு வரும். புது லத்தி கிடக்கிறது, காற்று இந்தப் பக்கமாக வீசுகிறது, 'இன்னிக்கு இந்த வளைவுக்கு மேல வேணாம்' என்று எந்த அரசாணையும் சொல்லாது. ஒரு மனுஷன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த வாயை அடைக்க என் 500 ரூபாய் நீண்டது. அதுதான் என் உறுத்தல்.

ஆடிட்டர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சும்மா விடுவாரா? ''முழுக் காசு கொடுத்துப் பழக்கினா, நாளைக்கு எல்லாரும் 'யானை இருக்கு'ன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவாங்க. உழைக்காம கூலி!''

நியாயமான கேள்விதான். சிலர் அப்படிச் செய்யவும் செய்யலாம். அவரிடம் திருப்பிக் கேட்டேன். ''போன வருஷம் உங்க முழங்கால் வலிக்கு ஒரு பெரிய டாக்டர்கிட்ட போனீங்களே, என்ன சொன்னார்?''

''ஆபரேஷன் தேவையில்லைனார்.''

''ஃபீஸ்ல பாதிதான் கொடுத்தீங்களா?''

நண்பர் பேசவில்லை. யோசித்துப் பாருங்கள். 'வேண்டாம்' என்று சொன்ன டாக்டரை நாம் கொண்டாடுகிறோம். நாலு பேரிடம் சொல்லி அனுப்புகிறோம். 'இந்த கேஸ் நிக்காது, சமாதானமாப் போயிடுங்க' என்கிற வக்கீலுக்கும் பைசா குறைக்காமல் கொடுக்கிறோம். அவர்களுடைய 'வேண்டாம்'-க்குப் பின்னால் படிப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறோம். திராட்சைத் தோட்டத்தில் வருஷக்கணக்காக ராத்திரி கண் விழித்த மனுஷரின் 'வேண்டாம்' மட்டும் நமக்கு வேலை செய்யாததாகத் தெரிகிறது. அவர் கற்றதைப் படிப்பு என்று நாம் ஒத்துக்கொள்வதே இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு அருவிக்கான விலை இல்லை. யானைக்கான விலையும் இல்லை. அவை யாருக்கும் சொந்தமில்லை, யாரும் விற்க முடியாது. எப்போது போகலாம், எப்போது கூடாது என்று அவருக்குத் தெரியுமே, அதற்குத்தான் காசு. 'போகலாம்' என்கிற நாளில் மட்டும் காசு கொடுத்தால், நாளடைவில் அவர் வாயிலிருந்து 'போகலாம்' மட்டும்தான் வரும். கூலி குறைந்த வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமே! அப்படி ஒருநாள் அவர் தலையாட்டி, ஏதாவது நடந்துவிட்டால், பேப்பரில் அவர் பெயர் வரும். 500 ரூபாய் நீட்டியவன் பெயர் எதிலும் வராது. ஆனால், குற்றத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

அதனால், அடுத்த முறை காட்டுக்கோ மலைக்கோ கடலுக்கோ போகும்போது கிளம்புமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'அண்ணே, பாதியில திரும்பினாலும் முழுக் கூலி.' அந்த ஒரு வாக்கியம் அவர் கையை அவிழ்த்துவிடும். அப்புறம் அவர் கண் உங்கள் முகத்தைப் பார்க்காது, காட்டைப் பார்க்கும்.

போன வாரம் பெரியவருக்கு மீதி 600 ரூபாயை ஜிபே-யில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

''என்ன தம்பி, காசு வந்திருக்கு? அடுத்த தடவைக்கு அட்வான்ஸா?''

''இல்லண்ணே, போன தடவை பாக்கி.''

''அன்னிக்குத்தான் எதையும் பாக்கலையேப்பா?'' என்றார், நிஜமான ஆச்சர்யத்தோடு.

பாதிக் கூலிதான் நியாயம் என்று அவரையே நம்ப வைத்திருக்கிறோம்.