தேரையின் இதயமும் மாணவனின் மனச்சாட்சியும்

அம்பிட்டியவில், கண்டி நகரை அண்டிய குன்றொன்றின்மேல், ஒரு குருமடம் நிற்கிறது. 1893ஆம் ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில் அங்கே நிறுவப்பெற்ற குருமடம், 1955இல் புனா நகருக்கு இடம்பெயரும் வரை, இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்த இளைஞர்களுக்குத் தத்துவம் போதித்தது. அக்குவினாஸ் தோமாவின் சிந்தனையே கத்தோலிக்கக் கல்விக்கு அடிப்படையாக வேண்டுமென 1879இல் பணித்தவரும் அதே பாப்பரசர்தான். மிருகங்களைப் பற்றித் தோமா கொண்டிருந்த கருத்து வியப்புக்குரியது. மிருகம் மனிதனின் பயனுக்காகவே உளது. ஆயினும் அதனை வதைத்துப் பழகிய கை நாளை மனிதனையும் வதைக்கும். ஆதலால் வதை தகாது என்பது அவர் முடிபு.

குன்றிலிருந்து இறங்கிக் கண்டி நகரைக் கடந்தால் பேராதனை. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அங்கே குடிபுகுந்தது. 1962இல் மருத்துவ பீடமும் எழுந்தது. அங்கே போய்ச் சேர விரும்பும் பாடசாலை மாணவர்க்கு, தலைமுறை தலைமுறையாக, மெழுகுத் தட்டில் குண்டூசியால் அறையப்பட்ட தேரையொன்று வாயிற்காப்பாளனாய் இருந்து வந்துள்ளது. இரு இடங்களுக்கும் நடுவே தலதா மாளிகை. உயிர்க்கொலை செய்யேன் என்னும் முதற் சீலத்தைக் காலையில் ஓதிய அதே மாணவன், நண்பகலில் ஆய்வுகூடத்தில் கத்தியை எடுக்கிறான். சைவச் சிறுவனோ, கொல்லாமை அதிகாரத்தைத் தமிழ்ப் பாடத்தில் மனனஞ் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறான். காலையில் கற்றது பொய்யா? நண்பகலில் கற்பது பாவமா? இக்கேள்வியை அவனிடமே விட்டுவிட்டு நாம் நழுவிக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானத்தின்மீது வெறுப்பை வளர்க்கும் கூட்டத்தோடு நமக்கு உடன்பாடில்லை. 1628இல் வில்லியம் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை உலகுக்கு உணர்த்தினார். உயிருள்ள பிராணிகளின் இதயத்தைக் கண்ணாற் கண்டே அவர் அதனை நிறுவினார். 1921இல் ரொறன்ரோ நகரில் நாய்களின்மேல் நடந்த சோதனைகள் இன்சுலினைத் தந்தன. நீரிழிவால் உருகிச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தனர். அந்த நாய்களுக்கு மனிதகுலம் கடன்பட்டிருக்கிறது. கடன் என்ற சொல்லை எண்ணியே எழுதுகிறேன். கடன்பட்டவன் மேலும் மேலும் வீணாகக் கடன் வாங்கலாகாது.

ஹார்வியின் கத்தியும் பாடசாலைக் கத்தியும் ஒன்றல்ல. ஹார்வி தேடியது எவரும் அறியாத உண்மை. மாணவன் தேடுவதோ பாடநூலில் படத்தோடு அச்சாகியிருக்கும் உண்மை. தேரையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்பதை உறுதிப்படுத்த இன்னொரு தேரையின் சாவு தேவையில்லை. கைக்குப் பழக்கம் வேண்டுமே என்பர். ஆம், சத்திரசிகிச்சை வைத்தியராகப் போகிறவனுக்கு வேண்டும். ஆனால் அவ்வகுப்பில் இருப்போரில் எத்தனை பேர் வைத்தியராவர்? எழுதுவினைஞராகவும், ஆசிரியராகவும், வியாபாரியாகவும் போகவிருப்போர் அனைவர் கையிலும் ஓர் உயிரைக் கொடுத்து, இதுவே விஞ்ஞானத்தின் வாசல் என்று சொல்வது என்ன நியாயம்?

அங்கே அவன் உண்மையில் கற்பது யாது? குளோரோபோம் போதாமல் கால் துடிக்கிறது. ஒரு மாணவி முகத்தைத் திருப்புகிறாள். தோழர்கள் சிரிக்கின்றனர். கோழை என்ற பெயருக்கு அஞ்சி அவளும் கத்தியைத் தொடுகிறாள். உடற்கூற்றைப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவாள். இரக்கம் வெட்கத்துக்குரியது என்ற பாடத்தை மறக்கமாட்டாள். இவ்விடத்தில் அம்பிட்டியக் குருமடத்துத் தத்துவம் நமக்கு உதவுகிறது. ஆனால் அது போதாது. மனிதன் கெடுவான் என்பதற்காக மட்டுமா தேரைக்கு இரங்க வேண்டும்? 1789இலேயே பெந்தாம் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்: பகுத்தறிவோ பேச்சோ அன்று, துன்பத்தை உணரும் ஆற்றலே அளவுகோல். அந்த அளவுகோலின் முன் தட்டில் கிடப்பது பாடப்பொருளன்று, உயிர்.

இவ்விரக்கம் மேல்நாட்டு இறக்குமதியென எவரும் எண்ண வேண்டாம். வயிற்றுக் கட்டியால் வருந்திக் கிடந்த பாம்புக்குப் புத்ததாச மன்னன் சத்திரசிகிச்சை செய்து குணப்படுத்தினான் எனச் சூளவம்சம் கூறுகிறது. கதையோ வரலாறோ, அதன் பொருள் பெரிது. கத்தியும் கருணையும் பகையாக வேண்டியதில்லை; பிராணியின் உடலைத் திறக்கும் கை அப்பிராணிக்காகவே திறக்கலாம். இன்றும் மிருக வைத்தியம் பயில்வோர் ஆசிரியரின் மேற்பார்வையில் நோயுற்ற பிராணிகளுக்குச் சிகிச்சை செய்தும், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தும் கைப்பழக்கம் பெறுகின்றனரே! அந்த நாய் எழுந்து நடக்கிறது.

1959இல் ரசல், பேர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர் விஞ்ஞானிகளுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: பிராணிக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்துக; இயலாவிடின் எண்ணிக்கையைக் குறைக்குக; அதுவும் இயலாவிடின் வேதனையைத் தணிக்குக. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டியது. 2014இல் அதனை நிறுத்துமாறே பணித்தது. நம் நாட்டில் 1907ஆம் ஆண்டின் வதைத் தடைக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய வரைவொன்றைத் தயாரித்தது. அது ஆண்டுக்கணக்கில் கோப்புகளிலே உறங்கியது.

ஆனால் சட்டத்தோடு வேலை முடிந்துவிடாது. கணினித் திரையில் தேரையை விரித்துக் காட்டலாம் என்கிறார்கள். நல்லது. யாருக்கு? நகரத்துப் பெரிய கல்லூரிகளில் திரையும் உண்டு, மாதிரியுருவும் உண்டு. மலைச்சரிவிலே தேயிலைக்கு நடுவே இருக்கும் தோட்டப் பாடசாலையில்? கொழுந்தெடுக்கும் தாயின் மகளுக்குத் தேரையும் இல்லை, திரையும் இல்லை என்றானால், கருணையின் பெயரால் அவளிடமிருந்து விஞ்ஞானத்தைப் பறித்தவர்களாவோம். வசதியுள்ளவன் மாத்திரம் வாங்கக்கூடிய ஜீவகாருண்யம் ஜீவகாருண்யமே அன்று. பிராணிக்கு இரங்குகிறவன் பாடசாலைக்குக் கருவி கேட்டும் போராட வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை.

எனவே நாம் கேட்பது இவை: மனம் ஒப்பாத மாணவன் புள்ளி இழவாது மறுக்கும் உரிமை, தேரையொன்றை வகுப்பார் ஒவ்வொருவரும் கொல்வதற்குப் பதிலாக, பதப்படுத்திய ஒரே உடலைப் பல ஆண்டுகள் பல வகுப்புகள் பார்க்கும் ஏற்பாடு, தோட்டப் பாடசாலை ஈறாக எல்லாப் பாடசாலைகளுக்கும் நல்ல மாதிரியுருக்கள், புதிய உண்மையைத் தேடும் ஆராய்ச்சியாளனோ ஒவ்வோர் உயிருக்கும் கணக்குச் சொல்லும் கடப்பாடு.

மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் அம்பிட்டிய வயலோரங்களில் அவை கத்துகின்றன. அந்தக் குரலைக் கேட்டு, அது எந்த இனம், எங்கே முட்டையிடும், எதைத் தின்னும், ஏன் கத்துகிறது என்று கேட்கும் சிறுவனே விலங்கியல் மாணவன். அவனுடைய கேள்விக்கு விடை உயிரோடு வயலில் இருக்கிறது. அங்கே அவனை அழைத்துச் செல்லும் ஆசிரியர் நமக்கு வேண்டும்.