பெயர் தெரியாதவருக்கு எண்ணெய்

ஒருவரை நினைவில் வைத்திருப்பது என்றால் என்ன? அவர் பெயர் என்ன, எந்த ஊர், எப்படிச் செத்தார் என்று தெரிந்திருப்பதா? இல்லை, இது எதுவுமே தெரியாமல் வருஷத்துக்கு ஒருமுறை அவர் கல்லுக்கு எண்ணெய் தடவுவதா? செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் சுற்றினால் இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வராது. வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிக்கொண்டு, இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

முதலில் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வட தமிழகத்தின் இந்தக் குன்றுகள் பூமியின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 250 கோடி வருஷம். ஆழத்தில் இறுகிக் கிடந்தவை, மேலே இருந்த பாரம் அரித்துப்போன பிறகு மெல்ல விரிந்து, வெங்காயம் போல ஏடு ஏடாக உரிகின்றன. வெயிலும் மழையும் மிச்ச வேலையைச் செய்கின்றன. அதனால் இங்கே பலகைக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. மனுஷன் செய்ததெல்லாம், படுத்துக் கிடந்ததை நிமிர்த்தி நிறுத்தியதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் அப்படி நிறுத்திய பலகைகளுக்கு மேல் இன்னொரு பலகையைக் கூரையாகப் போட்ட கற்திட்டைகள் ஒரு குன்று முழுக்க இருக்கின்றன. அவற்றில் எழுத்து கிடையாது. யாருக்காக என்பதை அறிய வழியே இல்லை. இந்த மாதிரி இடங்களை ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட யாருக்கும் மனசு வருவதில்லை போல.

எழுத்து வந்த பிறகு கதை மாறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சியில் தொடங்கி வாழ்த்தல் வரை ஆறு படி சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே பெரும்பாலும் இந்தப் படிகள்தான். ஆக, ஒருவருக்குக் கல் நடுவது அப்போதே முறைப்படுத்தப்பட்ட வேலை.

செங்கம் வட்டாரக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை படித்து 1972இல் நூலாக வெளியிட்டது. இந்த வட்டாரத்துக் கற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்தான். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. நாய்க்குத் தனி வாசகம். கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது 'காத்திருந்தவாறு' என்று எழுதியிருக்கிறார்கள். காவல் இருந்தது என்று பொருள். ஆனால் நம் காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கிறது இல்லையா? 1400 வருஷமாக அது யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.

சரி, எல்லாக் கல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பல கற்கள் இன்று வேடியப்பன். ஒரு வயல் ஓரத்தில் அப்படி ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இது யார் என்று கேட்டேன்.

"வேடியப்பன் தம்பி."

"அவர் யாரும்மா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். சண்டையில செத்தாராம், எங்க மாமியா சொல்வாங்க. மாடு கன்னு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறோம்."

கவனியுங்கள். பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, அரசன் போய்விட்டான். மாடு மட்டும் போகவில்லை. அந்த ஆள் எந்த வேலையில் செத்தானோ, அந்த வேலையை அவனிடம் இன்னும் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று உண்டு, அதுவும் கல்தான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துப் பாறை ஒன்று போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர். சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆள் ஞாபகம் வருவார்? பெயர் சாகாமல் இருக்கிறது, நினைவு என்று எதுவும் இல்லை.

நான் பார்க்கும் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். பழைய கோடில் 'இந்த வரியைத் தொடாதே' என்று ஒரு கமெண்ட் இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தொடமாட்டோம். அதை மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். ஏதோ ஒரு ராத்திரி யாரோ பட்ட பாட்டுக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்றும் சொல்லலாம்.

அதற்காக, அறிவைவிடப் பக்தியே மேல் என்ற பக்கம் நான் போகவில்லை. எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி எழுத்து மறைந்துபோகும். பக்தி முற்றினால் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, உபயதாரர் பெயரைப் பெரிசாகப் போட்டுவிடுவோம். கடைசியில் செத்தவன் பெயர் உள்ளே, பணம் கொடுத்தவன் பெயர் வெளியே. மறுபக்கம், பெயரைப் படித்துச் சொன்னால் வேறு தலைவலி. இவன் எங்க சாதிக்காரன் என்று கிளம்பிவிடுவார்கள். பெயர் இல்லாத வேடியப்பன் மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் பொது.

ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது, குவாரி நெருங்கி வரும்போது, படிக்கப்பட்ட கல் என்பதால் மட்டும் ஒரு கல் தப்பிப்பது கஷ்டம். கும்பிடுகிற கல்லின் மேல் பொக்லைனை ஏற்ற டிரைவர் தயங்குவார். எழுத்தைப் படிக்கிற அளவுக்கு அது நின்றுகொண்டிருந்ததே, படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கைவிடாததால்தான். கல்வெட்டு அறிஞரின் மைப்படிக்கு முன்னால் அந்த மாமியாரின் எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது. எனக்குக் கல்லைப் படிக்கத்தான் ஆசை. ஆனால் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்டால் கிண்ணத்துக்குத்தான்.

எடுத்தனூருக்கே திரும்பி வருகிறேன், ஒரு விஷயம் உறுத்துகிறது. மாடு காத்துச் செத்தவனுக்கு மட்டுமல்ல, மாடு கவரப் போய்ச் செத்தவனுக்கும் நம் ஆட்கள் கல் நட்டிருக்கிறார்கள். இலக்கணத்தில் வெட்சிக்கும் இடம் உண்டு, கரந்தைக்கும் இடம் உண்டு. அப்படியானால் கோவிவன் கடித்த அந்த இரண்டு கள்ளர்கள்? அவர்களுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும். திரும்பிப் போகவில்லை என்றால் அங்கே யாராவது கல் தேடிக் குன்றுக்குப் போயிருப்பார்கள். அந்தக் கல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. இருந்தால் அதுவும் இப்போது ஏதோ ஒரு வேடியப்பன். யாரோ ஒரு அம்மா தன் மாடு திருடுபோகக் கூடாது என்று அதனிடம் வேண்டிக்கொண்டிருப்பார்.