படைப்பை மாற்றுவதா, பிணியை அகற்றுவதா?

நோயாளியின் இரத்தத்திலிருந்து காவல் அணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுவைத் திருத்தி, பெருக்கி, புற்றுநோயை எதிர்க்க மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் சிகிச்சை நம் நாட்டிலும் வந்துவிட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இம்முறைக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்கு இது தரப்படுகிறது.

இதில் அணுக்கள் ஒரு புரத அடையாளத்தைத் தேடிச் செல்கின்றன. வேறு சில ஆய்வாளர்கள் சர்க்கரை அடையாளத்தை நாடுகின்றனர். நம் உயிரணுக்களின் மேல் நுண்ணிய சர்க்கரைப் போர்வை உண்டு. பல புற்றணுக்களில் அது அரைகுறையாக நெய்யப்பட்டிருக்கும். அந்தக் குறையைக் குறிவைக்கும் அணுக்களை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் உருவாக்கி, எலிகளிடம் சோதித்து, 2016ல் முடிவை வெளியிட்டனர்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதரைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. இச்சிகிச்சையும் அதில் சேருமா?

சற்றே சிந்திப்போம். அதே வசனத்தில் கால்நடைகளின் காதுகளை அறுக்கும் அறியாமைக் கால வழக்கம் கண்டிக்கப்படுகிறது. மாற்றத்தின் நோக்கம் அங்கே இறைவனுக்கு மாறு செய்வது. இங்கோ நோக்கம் உயிர் காப்பது. உடலைக் காக்கவே இறைவன் படைத்த அணுவுக்குப் பகைவனை அடையாளம் காட்டுகிறோம். அதன் பணியை மாற்றவில்லை. வித்தணுவைத் தொடாததால் வம்சாவளிக்கும் இது செல்வதில்லை. நாளை இதே நுட்பத்தால் விருப்பம்போல் பிள்ளைகளை வடிவமைக்க எவரேனும் முனைந்தால், அதற்குரிய தீர்ப்பு வேறு.

மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று. மருந்து இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆயினும் இச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. கடும் காய்ச்சலும் உயிராபத்தும் நேரலாம். குணம் உறுதியில்லாத மருத்துவத்தை ஒரு நோயாளி வேண்டாமென்றால், அவரைப் பாவி என்று சாடுவது நமக்கு அழகல்ல.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. நம் நாட்டில் இதன் செலவு சுமார் 40 லட்சம் ரூபாய். மேல்நாடுகளை நோக்க இது குறைவே. ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்து வாழும் குடும்பத்துக்கு இது எட்டுமா?

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டம் இதற்கு ஒரு பாடம் சொல்கிறது. தென் அமெரிக்காவின் சின்கோனா மரத்தை 1860களில் அங்கே பயிரிட்டனர். சீனக் கைதிகளின் உழைப்பும் அதில் சேர்ந்தது. அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொயினா எடுக்கும் தொழிற்சாலை நடுவட்டத்திலேயே எழுந்தது. பின்னர் இந்நாட்டில் கொயினா சிறு பொட்டலங்களாக அஞ்சலகங்களில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு பணி; அதை ஏழையின் கைக்குச் சேர்ப்பது மற்றொரு பணி. இரண்டும் நிறைவேறினாலன்றிச் சமுதாயக் கடமை தீராது.

ஒரு மஹல்லா தனியே 40 லட்சம் திரட்டுவது அரிது. ஆனால் ஏழை நோயாளிக்கு ஜகாத் கொடுக்கலாம். அதை அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்கும் பயணத்துக்கும் பைத்துல்மால் உதவலாம். விலையைக் குறைக்கும் ஆய்வுக்கு நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். இதுவும் ஃபர்ளு கிஃபாயாதான்.

‘ஆகுமா, ஆகாதா’ என்று கேட்கும் நாம், ‘யாருக்கு ஆகும்’ என்றும் கேட்போமாக. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகம் அருள்வானாக, ஆமீன்.