தெளிவும் உண்மையும்

தெளிவானது யாவும் உண்மையானதா? ஒலிப்பதிவின் தொடக்கக்கால வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

1925ஆம் ஆண்டளவில் மின்வழிப் பதிவு வழக்குக்கு வரும்வரை, கூம்புக்குழலுட் புகும் ஒலியின் ஆற்றல் ஒன்றே மெல்லிய தகட்டை அதிரச்செய்து, ஊசியால் மெழுகிற் கீறியது. இக்கருவியின் செவி மந்தமானது. எனவே, பதிவுக்கூடங்களில் இசை கருவிக்குப் பணிந்தது. நீண்ட உருப்படிகள் சில நிமிடங்களுக்குட் குறுக்கப்பட்டன. வயலினுக்குப் பதிலாகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் வாசிக்கப்பட்டது. உச்சத்திற் பாடுங்கால் பாடகர் குழலைவிட்டு விலகினர். பதிவு ஓரளவு தெளிவாயிற்று. ஆயின், பதிவானதோ எந்த அரங்கிலும் அவ்வாறு நிகழாத இசை.

நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பெரா அரங்கின் நூலகர் லயனல் மேப்பிள்சன் வேறு வழி சென்றார். 1901 முதல் 1903 வரை, எடிசன் கருவியை முதலில் மேடையோரத்திலும் பின்னர் மேடைக்கு மேலும் வைத்து, நடந்துகொண்டிருந்த நிகழ்ச்சிகளையே மெழுகுருளைகளிற் பதிந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு நிமிடமே. இரைச்சலினூடே குரல் தொலைவிற் கேட்கின்றது, கரகோஷமும் கேட்கின்றது. புகழ்பெற்ற பாடகர் ஜீன் டி றெஸ்கேயின் குரல் இவ்வுருளைகளில் மட்டுமே எஞ்சியுள்ளது.

செவ்வனே கேளாத ஒலியில் என்ன உண்மை உண்டு எனச் சிலர் வினவலாம். குறையுடைய சாட்சி தன் குறையை மறைப்பதில்லை; திருத்தப்பட்ட சாட்சியோ திருத்தத்தை மறைத்து நம் நம்பிக்கையைக் கோருகின்றது. பதிவுக்கூடத்தை இதனாற் பழித்தல் தகாது. அஃதின்றேற் பல குரல்கள் நமக்குக் கிட்டியிரா. எனினும், ஒரு பதிவு எத்துணைத் தெளிவானது என்பதோடு, அத்தெளிவுக்காக எது விலையாகக் கொடுக்கப்பட்டது என்றும் வினவுதல் கேட்போர் கடனாகும்.