விசையும் இசைவும்: தமிழ் விசைப்பலகை எழுப்பும் ஓர் அறவினா

கருவி ஒன்றைக் கைக்கொண்டு பழகியவர் அக்கருவியின் ஒழுங்குக்கும் இசைவு தந்தவராகக் கருதப்படலாமா என்னும் வினா அறவியலில் பொதுவானது. கணினியும் கைப்பேசியும் எழுதுகோலின் இடத்தைப் பெற்றபின் அவ்வினா தமிழுக்கு மிக அணுக்கமாகிவிட்டது. இன்று தமிழர் பலர் ‘அம்மா’ என்று எழுத உரோமன் விசைகளையே அழுத்துகின்றனர். திரையில் தோன்றுவது தமிழ் நெடுங்கணக்கு. விரல் தொடுவது ஆங்கில நெடுங்கணக்கு. இது அவரவர் விருப்பம் என்பது பெருவழக்கான விடை. அவ்விடை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என்னும் இரண்டனைத் தமிழ் இலக்கண மரபு நன்கு அறியும். கணினி இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. அதனை எண்வடிவம் எனலாம். திரையில் காணும் ஒவ்வோர் எழுத்தும் உள்ளே ஓர் எண்ணாகவே சேமிக்கப்படுகின்றது. விரல் அழுத்தும் விசை, சேமிக்கப்படும் எண், கண் காணும் வரி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்னும் கட்டாயம் பொறிக்கு இல்லை. பொருந்தச் செய்வதும் செய்யாமல் விடுவதும் மனிதர் எடுக்கும் முடிவுகள். அறம் பற்றிய பேச்சுக்கு இடம் பிறப்பது இங்கேதான்.

முதற்பொருத்தம் தட்டச்சுப்பொறியில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் நாடுகளுக்குப் பெயர்ந்து வாழ்ந்த இரா. முத்தையா, தமிழின் பல்வேறு வரிவடிவங்களை ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டார். அவர் வகுத்த அமைப்பில் பொறிகள் செருமனியில் செய்யப்பெற்றன. புள்ளி, இகரக்குறி, ஈகாரக்குறி ஆகியவற்றை நகரா விசைகளாக அமைத்தது இவ்வமைப்பின் நுட்பம். அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், ஆனால் உருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அக்குறியின்கீழ் வந்து அமரும். எனவே ‘க்’ என்று அடிக்க விழைபவர் முதலிற் புள்ளியையும் பின்னர்க் ககரத்தையும் அழுத்தவேண்டும். எழுதும் கை எழுத்தை வரைந்தபின் புள்ளியிடும். பொறியிலோ புள்ளி முந்தி, எழுத்து பிந்தியது. இதனைக் குறை என்று கூறுதல் முறையன்று. இரும்புக் கரங்களால் ஆகிய கருவியில் அதனினும் எளிய வழி அன்று இல்லை. மொழி கருவிக்கு வளைந்தது; வளைந்ததற்குத் தக்க காரணமும் இருந்தது.

காரணம் மறைந்தபின்னும் வளைவு நீடிப்பதே ஆராயத்தக்கது. கணினியில் நகரும் உருளையும் இல்லை, நகரா விசைக்குத் தேவையும் இல்லை. எனினும் தட்டச்சு அமைப்பு கணினிக்குள்ளும் குடியேறிற்று. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுகளை எழுதித் தேறிய பல்லாயிரவர் அவ்வமைப்பை விரல்நுனியில் கொண்டிருந்தனர். அவர்தம் திறனே அவர்தம் பிழைப்பு. புதிய அமைப்பு சிறந்தது என்று கூறி அத்திறனை ஒரே நாளிற் செல்லாக்காசாக்குவது நீதியாகாது. பழைய அமைப்பைக் கைவிட மறுத்தவர்களைச் சோம்பேறிகள் என்று இகழ்ந்த கணித்தமிழ் ஆர்வலர் சிலர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

இதனினும் கடுமையான பிறழ்ச்சி ஒன்று எழுத்துருக்களில் நிகழ்ந்தது. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழ் ஆவணங்கள் பெரும்பாலும் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களால் உருவாயின. இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வரிவடிவங்களைப் போர்த்தியவை. பாமினியில் ‘அம்மா’ என்னும் சொல்லைக் கணினி சேமித்திருக்கும் வகை இது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அது தாயைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பொறிக்கு அது பொருளற்ற ஐந்து ஆங்கிலக் குறிகளின் வரிசை. எழுத்துருவை நீக்கினால் போர்வை விலகும், எஞ்சுவது தமிழன்று. தமிழ்த்துறைகளில் உருவான ஆய்வேடுகள் பலவும் இவ்வகையாலேயே கணினியில் ஏறின. ஆய்வேடு எழுதியவர் தாம் தமிழில் எழுதியதாகவே முழுமனத்தோடு நம்பினார். அந்நம்பிக்கையை அவர் காணவியலாத ஓர் அடுக்கு பொய்யாக்கியது. அவர் பிழை செய்தவர் அல்லர். ஆனால் பிழை ஒன்று நிகழ்ந்துள்ளது. செய்தவர் இல்லாத பிழைக்குப் பொறுப்பாளர் யார்?

இவ்வினாவுக்கு முகங்கொடுத்த முயற்சியாகவே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைக் கருதவேண்டும். அம்மாநாட்டின் தொடர்ச்சியாக அவ்வாண்டு ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தரப்படுத்தி ஆணையிட்டது. இப்பலகையின் அமைப்பைச் சற்றே விரித்துரைத்தல் தகும். உயிர்கள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்களுள் ஙகரமும் வகரமும் நீங்கலாக ஏனையவை வலக்கைப் பக்கம். நடுவரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள். அவற்றிற்கு நேர்மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள். மெய்விசையை அழுத்தினால் அகரம் ஏறிய எழுத்தே தோன்றும். மெய் அகரத்தோடு இயைந்தே இயங்கும் என்னும் தொல்காப்பியக் கொள்கைக்கு இது முற்றும் உடன்பட்டது. மெய்யை அடுத்து உயிரை அழுத்த உயிர்மெய் பிறக்கும். வலக்கை மெய்யைத் தர, இடக்கை உயிரைத் தருகின்றது. புள்ளிக்குரிய விசையோ இடக்கைச் சுட்டுவிரல் இயல்பாகத் தங்கும் இடத்தில் உள்ளது. பொதுவான பலகைகளில் விரலுக்கு இடங்காட்டச் சிறு மேடு அமைந்திருக்கும் விசை அதுவே. தொட்டறியும் புள்ளி என்று அதனைக் கூறினும் பொருந்தும்.

மேலும் ஒரே மெய் இரட்டிக்கும்போதும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என மெல்லினம் தன் இன வல்லினத்தோடு மயங்கும்போதும் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்கள் போதும். இங்குப் பொறி எழுதுபவருக்குப் பதிலாக முடிவெடுக்கின்றதே, இதுவும் ஓர் அத்துமீறல் அன்றோ என்று வினவலாம். ‘பாடட்டும்’ போன்ற சொற்களில் இவ்விதி இடறவும் செய்யும்; ஆங்கு அகர விசையை இடையிட்டு அதனைத் தடுக்கவேண்டும். எனினும் இம்முடிவு எழுதுபவருக்குப் புறத்தே பிறந்ததன்று. மெய்ம்மயக்க விதியை அறிந்தவர் பொறி ஏன் அவ்வாறு செய்தது என்பதையும் அறிவார். தாம் அறிந்த விதிப்படி பிறர் செயற்படுவதற்கும், தாம் அறியாத கணக்கின்படி பிறர் ஊகிப்பதற்கும் அறநிலையில் வேறுபாடு உண்டு.

உரோமன்வழி உள்ளீட்டில் நிகழ்வது இரண்டாவது வகை. அங்கு ந, ன, ண மூன்றும் ஒரே விசையின் நிழல்கள். ல, ள, ழ ஆகியனவும் ர, ற ஆகியனவும் அத்தகையனவே. சில அமைப்புகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இவற்றைப் பிரிக்கும். கைப்பேசிகளில் பெரும்பாலும் பொறியே ஒரு சொல்லை முன்மொழியும், எழுதுபவர் அதனை ஏற்பார். ‘மனம்’, ‘மணம்’ இரண்டனுள் எது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு விரலிலிருந்து பட்டியலுக்கு மாறிவிடுகின்றது. எழுதுதல் தெரிவுசெய்தலாகக் குறைகின்றது. இதனால் தமிழ் அழியும் என்று முழங்குவது மிகை. ஆனால் எழுத்தறிவின் ஒரு கூறு பயன்பாடின்றி ஒதுங்குகின்றது என்பதை மறுக்கவியலாது.

எதிர்வாதம் வலிமையானது, அதனை ஒதுக்குதல் ஆகாது. கனடா, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளில் வாழும் தமிழர் கணினியில் தமிழெழுத முன்வந்தமைக்கு உரோமன்வழி உள்ளீடே பெருந்துணை புரிந்தது. தமிழ்ப்பலகை கிடைக்காத இடத்தில், ஆங்கிலப் பலகையை மட்டும் பழகியவர்க்கு அது ஒரு வாயில். வாயிலின் வழி வந்தவரைப் பின்வாசல் வழி வந்தார் என்று பழிப்பது விருந்தோம்பும் மரபுக்கு ஒவ்வாது. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு வழியிலான அஞ்சல் ஆகிய இரண்டும் அருகருகே இடம்பெற்றிருப்பது இவ்வகையில் நேர்மையான ஏற்பாடு. அங்கு இருவழியும் கண்முன் உள்ளன. ஒன்றைக் கொள்பவர் மற்றொன்றை அறிந்தே விடுகின்றார்.

‘அறிந்தே’ என்னும் சொல்லில்தான் இசைவின் அறம் முழுவதும் தங்கியுள்ளது. ஒருவரிடம் ஒன்றை ஒப்படைப்பதற்குமுன் தெரிதல் வேண்டும் என்பதைத் திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரங்கள் அரசனுக்குரிய கடமையாகப் பேசுகின்றன. ஆளிடம் ஒப்படைப்பதற்குப் பொருந்தும் அவ்வறம் கருவியிடம் ஒப்படைப்பதற்கும் பொருந்தும். தெரியாத ஒன்றை விடுத்தல் தெரிவு ஆகாது. தெரிவு இல்லாதபோது இசைவும் இல்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் குட்வில் எஸ்டேட்டில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்தியைக் கருதிப் பார்க்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வங்காளமும் இந்தியும் அதனினும் மிகுதி. பல மொழியினரிடையே இணைப்புமொழியாக வழங்குவது இந்தி. அவள் வாழும் ஊரின் பெயரே ஆங்கிலம். தமிழ்நாட்டுச் சிறுமிக்குக் கடைப்பலகையும் பேருந்தும் சுவரொட்டியும் நாள்தோறும் எழுத்துக் கற்பிக்கின்றன. தீவுச் சிறுமிக்கு அத்துணை அவ்வளவாக இல்லை. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பெற்றபின் தீவுகளில் இணையம் விரைவுற்றது. தாய்நிலத்து உறவினரோடு அவள் எழுதிப் பேசுவதற்கு உரிய இடம் கைப்பேசித் திரையே. அத்திரை முதலில் நீட்டுவது உரோமன் பலகை. அதில் அவள் தமிழை எழுதுகின்றாள். நாளடைவில் தமிழ் வரிவடிவத்திற்கு மாற்றவும் தேவையின்றி உரோமன் எழுத்திலேயே விட்டுவிடுகின்றாள். இதனை அவளது விருப்பம் என்று எவ்வாறு கூறுவது?

இவ்வழக்கம் அவளிடம் தொடங்கியதன்று. குறுஞ்செய்தி பெருவழக்காயிருந்த நாள்களில், பொதுவான குறியீட்டு முறைப்படி ஒரு செய்தியில் உரோமன் எழுத்துகள் 160 அடங்கும். தமிழ்க் குறிகளோ 70 மட்டுமே அடங்கும். அவற்றுள்ளும் ‘கி’ போன்ற ஓர் உயிர்மெய் இரண்டாகக் கணக்கிடப்படும். எனவே ஒரே செய்தியைத் தமிழெழுத்தில் அனுப்பினால் அது இரு செய்திகளாகப் பிரிந்து இருமடங்கு கட்டணம் பெறவும் கூடும். உறவினருக்குச் செய்தி அனுப்பிய எளிய தந்தை உரோமன் எழுத்தை நாடியதற்குக் காரணம் மொழிப்பற்றின்மை அன்று; சட்டைப்பை. அக்கட்டண வேறுபாடு பிற்காலத்தே பொருளற்றதாயினும் அது விதைத்த கைப்பழக்கம் மகளின் விரலில் தொடர்கின்றது. தட்டச்சுப்பொறியின் நகரா விசை கணினிக்குள் குடியேறியதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

பொறுப்பு யாருக்கு என்னும் வினா இப்போது தெளிவான வடிவம் பெறுகின்றது. சிறுமியிடமும் தந்தையிடமும் அதனைச் சுமத்தல் தகாது. முன்னிருப்பாக எப்பலகை தோன்றவேண்டும் என்று முடிவுசெய்பவர்க்கே முதற்பொறுப்பு உண்டு. இந்தியாவில் விற்கும் கைப்பேசிகள் இந்திய மொழிகளில் உள்ளிடவும் படிக்கவும் இடந்தரவேண்டும் என நடுவணரசு 2016இல் அறிவித்தது இவ்வகையிற் பயனுள்ளது. எனினும் இடந்தருதல் வேறு, எடுத்துக்காட்டுதல் வேறு. அமைப்புகளின் உள்ளறையில் மறைந்திருக்கும் பலகை சட்டப்படி உள்ளது, பயன்படுத்துபவருக்கு இல்லை.

அடுத்த பொறுப்பு தமிழ் கற்பிப்போரைச் சாரும். ஒருங்குறியும் அனைத்தெழுத்துக் குறியாக்கமும் 2010 ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசால் தரங்களாக ஏற்கப்பெற்றன. அன்றுமுதல் எழுத்துருப் போர்வைக்கு நியாயம் எதுவும் இல்லை. இவ்விரு குறியாக்கங்களுள் எது சிறந்தது என்று நடந்த வாதங்களுக்குத் தமிழ்த்துறையினர் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியையேனும் முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்99 பலகையைக் காட்டுவதற்குச் செலவிட்டிருக்கலாம். குற்றியலுகரத்தை வகுப்பில் நுணுகி விளக்குபவர், அதே மாணவர் ‘ண’வையும் ‘ன’வையும் முன்மொழிவுப் பட்டியலிலிருந்து பொறுக்குவதைக் காணாதிருத்தல் வியப்புக்குரியது.

பழைய பணியாளரின் திறனுக்கு மேலே அளித்த மதிப்பு இங்கு மாறுபடவில்லை. தட்டச்சு பயின்றவர் தம் அமைப்பிலேயே தொடரட்டும். இன்றைய மென்பொருள் அவ்வமைப்பின்வழி அடித்ததையும் ஒருங்குறியாகவே சேமிக்க வல்லது. மாறவேண்டியது அவர் விரலன்று, இனிப் பழகவிருக்கும் விரல். பழகியவர்க்கு மாற்றம் ஓர் இழப்பு. பழகாதவர்க்கு எந்தப் பலகையும் புதியதே. குட்வில் எஸ்டேட்டுச் சிறுமி எதனையும் இழக்காமல் தொடங்கக்கூடியவள்.

பழைய ஆய்வேடுகளின் நிலை வேறு. பாமினியில் அமைந்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆனால் மாற்றுவதற்குமுன் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பெற்றது என்பதைத் தெரிந்திருத்தல் வேண்டும். எழுத்துருவின் பெயர் கோப்பிலேயே பதிந்திருந்தால் நலம். வெறும் உரையாகப் படியெடுத்த கோப்பில் அப்பெயரும் இராது. அடித்தவர் நினைவுகூரக்கூடும். அவர்களுள் பலர் இன்று பணிநிறைவை நெருங்குகின்றனர்.