கீழே ஒரு தாழ்ப்பாள்

தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இழவு விசாரிக்கப் போயிருந்தேன். இறந்தவர், தூரத்து உறவான ஓர் அக்காவுக்கு மாமா முறை. அக்கா சாவு வீட்டுக்கு வரவில்லை. ஆகவே திரும்பும் வழியில் அவர் காம்பராவுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், பஸ் நேரம் சொன்னார், மாமாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போதுதான் கதவைக் கவனித்தேன். உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்கள். ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிற உயரத்தில். மற்றது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, இன்னும் துருப்பிடிக்காத ஆணிகளோடு.

“இது எதுக்கக்கா?”

“மேல உள்ளது பாப்பாவுக்கு எட்டாது தம்பி.”

பேச்சு அதோடு முடிந்தது. அவிசாவளைக்கு வந்து சேரும்வரை அந்த உயரம் மனதை விட்டுப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

மாமாவையும் தாழ்ப்பாளையும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரம் இல்லை. அக்காவின் அம்மா குவைத்தில் இருந்த வருடங்களில் அக்கா அந்த மாமா வீட்டில்தான் வளர்ந்தார். பெரிய மனுஷியான பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. இந்த இரண்டும் எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் கேட்டதில்லை.

ரப்பர் மரத்தில் விடியலுக்கு முன்னும் பின்னுமாகத்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். பால்வெட்டும் பெண்கள் இருட்டோடு கத்தியும் வாளியுமாகப் போய்விடுவார்கள். கைப்பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. பாடசாலை போகிற வயதுப் பிள்ளை மணி அடிக்கும்வரை லயத்தில் தனியாகத்தான் இருக்கும். ஆக, அந்தக் கீழ்த் தாழ்ப்பாளுக்கு ஒரு நேரம் உண்டு. அம்மா வெளியே போய்க் கதவை இழுத்ததும், பிள்ளை உள்ளே நின்று அதைப் போட வேண்டும்.

ஆனால் தாழ்ப்பாள் தடுப்பது வெளியாளை. பிள்ளைமேல் கை வைக்கிறவர் பெரும்பாலும் சோறு போட்டவராக, திருவிழாவுக்குக் கூட்டிப்போய் வளையல் வாங்கித் தந்தவராக இருப்பார். அவர் கூப்பிட்டால் பிள்ளையே திறக்கும். அப்படியானால் இது மகளுக்காகப் போட்டதா, அந்த வயதிலிருந்த தனக்காகப் போட்டதா? இந்தக் கேள்வி கதை எழுத நன்றாயிருக்கும். அக்காவுக்கு ஒரு பயனும் இல்லை.

நான் வளர்ந்தது றக்வானைப் பக்கம். எங்கள் லயத்தில் பெரியம்மா பெட்டைப் பிள்ளைகளிடம் மட்டும், “கடைசிக் காம்பராப் பக்கம் போவாதீங்க” என்பார். காரணம் சொல்லமாட்டார். பையன்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. அந்தக் காம்பராவில் டீவி பார்க்கப் போய்வந்த என் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று பாடசாலைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். படிப்பு ஏறவில்லை என்றார்கள். அவன் என்னைவிட நன்றாகப் படிப்பான்.

மாசி மாதக் காமன் கூத்தில் மன்மதன் எரிந்ததும், ரதி வேடம் கட்டிய ஆண் ஒப்பாரி வைப்பார். சுற்றியிருக்கும் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கை. சாவுக்கு எங்களிடம் தப்பு மேளம் இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, கருமாதிக்கு நாள் கணக்கு இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்குள் செத்துப்போன ஒன்றுக்கு எந்தச் சடங்கும் இல்லை. 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் எரிகாயப்பட்டு இறந்தபோது தோட்டங்கள் கொதித்தன. இறந்தவளுக்காக வீதியில் நிற்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. பதாகை பிடித்து நின்ற பெண்களில் எத்தனை பேர் தங்களுக்காகவும் நின்றார்களோ!

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் ‘ட்ரோமா அண்ட் ரிகவரி’ நூலை எப்போதோ பாதி படித்தேன். 1992இல் வந்தது. மீட்சியில் முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்துத் துக்கம் காப்பது, அதன் பின் மனிதரோடு மறுபடி சேர்வது என்று அவர் வரிசைப்படுத்துகிறார். பேச்சு இரண்டாவதுதான். நாமோ எடுத்த எடுப்பில் “மனசு விட்டுப் பேசு” என்கிறோம். எங்கே பேசுவது? லயத்துச் சுவரில் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ரத்தினபுரியிலோ கேகாலையிலோ கிளினிக்குக்குப் போனால், எதிரே இருப்பவர் பெரும்பாலும் சிங்களத்தில் கேட்பார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி ஆக்கியது உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்க மகனையோ பக்கத்துக் காம்பராக்காரரையோ கூட்டிப்போன பெண் என்ன சொல்வாள்? தலையிடி, தூக்கமில்லை என்பாள். மாத்திரையோடு திரும்புவாள். யாழ்ப்பாணத்தில் போர் காரணமாகவேனும் சாந்திகம் போன்ற அமைப்புகள் தமிழில் உளவளத்துணையை வளர்த்தன. மலையில் போர் நடக்கவில்லை என்பதால் காயம் இல்லை என்று எண்ணிவிட்டோம் போலிருக்கிறது.

அக்கா முதல் கட்டத்தைத் தன் கையாலேயே ஆணி அடித்து முடித்திருக்கிறார். அவரை அடுத்த கட்டத்துக்கு நான் இழுக்கலாமா? அவர் பால்வெட்டுகிறார், பிள்ளை வளர்க்கிறார், சாவு வீட்டுக்குப் போகாமலிருக்கும் துணிவும் அவருக்கு இருக்கிறது. அதை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குணமாகிவிட்டார் என்று சொல்லவும் வரவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்த அந்த உயரம் சரியா தவறா என்பதிலும் என் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை.

1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926. பக்கத்துக் காம்பராப் பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் முதல் எண்ணுக்கு அழையுங்கள். வளர்ந்த ஒருவர் பழையதைச் சொல்ல உங்களிடம் வந்தால், “ஏன் அப்பவே சொல்லல?” என்று மட்டும் கேட்காதீர்கள்.